நாடகத்தின் நடுவே இசை தவறினால்: பின்மேடையில் இருப்பவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கல்லூரி நாடகங்களில் இசையை இயக்கும் பொறுப்பு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் யாரோ ஒருவர் தலையில் கட்டப்படுகிறது. வேடம் கிடைக்காதவர், அல்லது மடிக்கணினி வைத்திருப்பவர். அந்த ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். நடிகர் வசனத்தை மறந்தால் எதிரில் நிற்பவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். இசை தவறினால் கைகொடுக்க மேடையில் ஆள் கிடையாது. ஆகவே இசையை இயக்குபவரும் நடிகர்களில் ஒருவர் என்றே நான் கருதுகிறேன். முதல் ஒத்திகையிலிருந்தே அவர் வர வேண்டும், வசனம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மேடையை நேரே பார்க்கும் இடத்தில் உட்கார வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பல, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாததால் வருபவை.

உங்களுக்கு நேர்ந்திருப்பதைப் போன்ற தலைப்பைத் தேடி அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம். நாடகம் தொடங்க அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முதல் நான்கு பகுதிகள் போதும்.

ஒலியே வரவில்லை

பதற்றத்தில் எல்லாக் குமிழ்களையும் திருகாதீர்கள். எதைத் திருகியதால் சரியானது என்று தெரியாமல் போகும். அதோடு, ஏற்றிவைத்த ஏதோ ஒன்று அடுத்த காட்சியில் முழு ஒலியில் வெடிக்கும். ஒலி செல்லும் பாதையை நடுவில் பிடியுங்கள். கணினி, வயர், மிக்சர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்பது பாதை. நடுவில் இருப்பது, ஒலிகளைக் கலந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர். இசையை ஓடவிட்டு, மிக்சரில் உங்கள் வயர் செருகிய தடத்துக்குரிய விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் கணினியிலும் வயரிலும் குறையில்லை. மினுங்காவிட்டால் ஸ்பீக்கர் பக்கமே போக வேண்டாம், கோளாறு உங்கள் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் பக்கம் என்றால், கணினி ஒலியை எங்கே அனுப்புகிறது என்பதை முதலில் பாருங்கள். நாடகத்தில் திரைக்காட்சியும் இருந்து, புரொஜெக்டரை எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்திருந்தால், கணினி ஒலியையும் சேர்த்துப் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். ஒலி அமைப்பில் போய் ஹெட்போன் வழியைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. முந்தைய நாள் இணைத்த புளூடூத் ஹெட்போன் யாருடைய பையிலோ உயிரோடு இருந்தாலும் இதே கதைதான். அடுத்து வயர். அதே வயரை ஒரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் வயரை மாற்றுங்கள். வயர்களில் இன்னொரு ஜோடி கையில் இல்லாமல் நாடகத்துக்கு வரவே கூடாது.

மிக்சருக்கு அப்பால் என்றால் மியூட் பொத்தான், மெயின் ஃபேடர் (மொத்த ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுபொத்தான்), ஆம்ப்ளிஃபயரின் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் இருக்கும் அறை மண்டபத்து மைக் செட் அண்ணனின் பொறுப்பில் இருந்தால் நீங்களாக எதையும் தொடாதீர்கள். அந்த மண்டபத்தில் எந்த ஸ்பீக்கர் எந்த வழியில் ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் ஒத்திகையன்றே அவரிடம் போய் நாடகக் கதையைச் சொல்லி, எங்கெங்கே இசை வருகிறது என்று காட்டிவிடுங்கள். கதை தெரிந்த மைக் செட்காரர் நாடகம் முழுவதும் உங்களுக்கு இன்னொரு கை.

இசை வருகிறது, பாடும் குரல் மட்டும் காணவில்லை

மாணவர்களைத் திகைக்க வைப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஹெட்போனில் கேட்டால் பாட்டு முழுதாக இருக்கும். ஸ்பீக்கரில் குரல் மறைந்து, வயலினும் எதிரொலியும் மட்டும் குகைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பதிவிறக்கம் செய்வார்கள். கோப்பில் குறையே இல்லை.

கணினியின் ஹெட்போன் துளையில் இடம், வலம் என இரண்டு தடங்கள் வருகின்றன. அந்தச் சிறிய பின்னில் பெரிய மாற்றுப் பின்னைப் பொருத்தி, மிக்சரின் ஒற்றைத் துளையில் செருகினால், மிக்சர் அந்த இரண்டையும் ஒரே ஒலியின் நேர், எதிர் வடிவங்களாக எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். பாடகரின் குரல் பொதுவாக இரு தடங்களிலும் சம அளவில் இருப்பதால் கழிந்து மறைந்துவிடும். பக்கவாட்டு வாத்தியங்கள் மட்டும் தப்பும். பின் பாதி மட்டும் நுழைந்திருந்தாலும் ஏறக்குறைய இதே விளைவு வரும், ஆகவே முதலில் அழுத்திச் செருகிப் பாருங்கள்.

தீர்வு, ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ (இரு தட) பின்னும் மறுமுனையில் இரண்டு தனித்தனிப் பெரிய மோனோ (ஒற்றைத் தட) பின்களும் உள்ள பிரிவு வயர். இரண்டையும் மிக்சரின் இரண்டு தடங்களில் செருகுங்கள். கடைக்குப் போக நேரமில்லை என்றால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் கோப்பைத் திறந்து, இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்து இடப்பக்கத்தில் வைத்து, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுச் சேமியுங்கள். கழிக்க எதுவும் இல்லாததால் முழு ஒலியும் வரும். வெறுமனே மோனோவாக மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வயரில் மோனோ கோப்பு அடியோடு மௌனமாகிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: குரல் இருக்கும், ஒரு வாத்தியம் மட்டும் இருக்காது. பிரிவு வயரின் ஒரு கால் மட்டும் செருகப்பட்டிருக்கும். பல கல்லூரி மண்டபங்களின் ஒலியமைப்பு மோனோதான். எனவே இசையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே மோனோவாக மாற்றி ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

இடைவிடாத உறுமல்

தாழ்ந்த குரலில் ஒரே சீராக உறுமினால் அது மின்சாரத்தின் ஒலி. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும்தான் காதில் விழுகின்றன. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றுவிட்டால், கணினிக்கும் மிக்சருக்கும் எர்த் இரு வேறு வழிகளில் போகிறது என்று பொருள். நாடகம் ஒன்றரை மணி நேரம்தான் என்றால் மின்கலத்திலேயே ஓட்டிவிடலாம். முழு மின்னேற்றத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதை ஒத்திகையில் பார்த்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிரந்தரத் தீர்வு, கணினிக்கும் மிக்சருக்கும் இடையில் வைக்கும், உள்ளே மின்மாற்றி உள்ள டி.ஐ. பாக்ஸ். சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும்.

எர்த் பின்னை உடைத்துவிட்டோ, எர்த் இல்லாத மாற்றுப் பிளக்கைப் போட்டோ உறுமலை நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கும் நடிகரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

மேடை விளக்குகளை மங்கலாக்கும்போது மட்டும் கரகரப்பு வந்தால் குற்றவாளி டிம்மர். இசைக்கான மின்இணைப்பை விளக்குகளின் இணைப்பிலிருந்து பிரித்து வேறு இடத்திலிருந்து எடுங்கள். ஒலி வயரும் விளக்கு வயரும் அருகருகே நீளவாக்கில் ஓடக் கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல வெட்டிச் செல்லட்டும்.

ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குகிறது

தாய் மௌனமாக நிற்கிறாள், அரங்கம் மூச்சை அடக்கியிருக்கிறது, அடுத்த காட்சியின் தவில் முழங்குகிறது. காரணம், பாட்டுக் கேட்பதற்கான செயலியை நாடகத்துக்குப் பயன்படுத்துவது. வி.எல்.சி. பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒவ்வொரு கோப்பும் முடிந்ததும் நின்றுவிடும்படி அமைக்கும் வசதி அதில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். இன்னும் பழைய, இன்றும் உறுதியான வழி, ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் பத்து நிமிட மௌனத்தை ஒட்டிவைப்பது. எந்தச் செயலியில் ஓட்டினாலும் அது காக்கும்.

நாடகத்துக்கென்றே செய்த செயலிகள் இருக்கும்போது அவற்றைப் பழகுவதே சிறப்பு. மேக் கணினியில் கியூலேப். அதன் இலவசப் பதிப்பிலேயே இரண்டு தட ஒலியை இயக்கலாம். விண்டோஸில் மல்டிபிளே, லினக்ஸில் லினக்ஸ் ஷோ பிளேயர், இரண்டும் இலவசம். இவற்றில் ஒரு விசையை அழுத்தினால் ஒரு கியூ (குறித்த இடத்தில் ஓட வேண்டிய ஒரு இசைத் துண்டு) மட்டும் ஓடும். மங்கச் செய்வதும் ஒன்றின்மேல் ஒன்றை ஓட்டுவதும் முன்கூட்டியே அமைத்துவைக்கக்கூடியவை.

இதே இனத்தைச் சேர்ந்த வேறு சில கோளாறுகள். மிக்சரிலேயே பென்டிரைவ் செருகி ஓட்டும்போது பாட்டுகள் வரிசை மாறினால், அந்த வகை மிக்சர்களில் பல, கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, பென்டிரைவில் எழுதப்பட்ட வரிசையைத்தான் பார்க்கின்றன. பென்டிரைவை வெறுமையாக்கி, கோப்புகளை ஒவ்வொன்றாக, நாடக வரிசையில் நகலெடுங்கள். கைப்பேசியில் ஓட்டினால் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அழைப்பு வந்தால் இசை நின்று, மணியோசை அரங்கம் முழுக்கக் கேட்கும். கணினியில் அறிவிப்பு ஒலிகள், திரை உறக்கம், தானியங்கி மேம்படுத்தல் மூன்றையும் நிறுத்துங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விளம்பரம் வரும், அல்லது சிக்னல் போகும். எல்லாக் கோப்புகளும் கணினியின் வட்டிலேயே இருக்க வேண்டும், நகல் இன்னொரு கருவியில் தயாராக இருக்க வேண்டும்.

கன்னத்தில் அறை விழுந்த பிறகு ஓசை வருகிறது

புளூடூத் ஸ்பீக்கரில் ஓட்டுகிறீர்களா? ஒலி அங்கே போய்ச் சேரப் பத்தில் ஒரு நொடி முதல் கால் நொடிக்கு மேலும் ஆகக்கூடும். பாட்டுக்கு இது தெரியாது. கன்னத்தில் விழும் அறைக்கும் உடையும் பானைக்கும் துப்பாக்கிக்கும் அப்பட்டமாகத் தெரியும். வயருக்கு மாறுங்கள், வேறு வழியில்லை.

வயரிலும் தாமதம் இருந்தால் கோப்பின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எம்பி3 கோப்பாக மாற்றும்போது தலைப்பகுதியில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஓசைக் குறிப்புகள் எல்லாவற்றையும் வேவ் கோப்பாகச் சேமித்து, ஒலி தொடங்கும் இடம்வரை வெட்டிவிடுங்கள்.

கோப்பும் சரியாக இருந்தால் மீதியிருப்பது உங்கள் விரல். கண் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. அறை விழுவதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் எப்போதும் தாமதம்தான். நடிகர் கையை ஓங்குவதற்கு முன் தோள் அசையும், மூச்சு ஏறும். அந்த மூச்சுக்கு அழுத்துங்கள். இதை எந்தக் கியூ தாளிலும் (எந்த இசை எப்போது என்று குறித்த தாள்) எழுத முடியாது. அந்த நடிகரோடு பல ஒத்திகைகளில் இருந்தவருக்கே அது வாய்க்கும். தெருக்கூத்தில் மிருதங்கக்காரரும் ஆர்மோனியக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் அமர்ந்து அவர் முதுகிலிருந்தும் காலிலிருந்தும் அடுத்த அசைவைப் படித்துவிடுகிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருப்பதால்தான் அடவும் அடியும் ஒன்றாக விழுகின்றன. பதிவு செய்த இசையை ஓட்டுபவருக்கும் அதே இருக்கைதான் வேண்டும். பக்கத் தட்டிக்குப் பின்னால், மேடை தெரியாத மூலையில் மேசை போட்டுக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். இடமே இல்லை என்றால் தட்டியில் ஒரு இடைவெளி விடச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசி கேமராவை வயரில் இணைத்து மேடையைத் திரையில் பாருங்கள்.

அரங்கத்தின் கடைசியில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு ஒரு குறிப்பு: ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 345 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால் உங்களுக்கு ஒலி கிட்டத்தட்ட பத்தில் ஒரு நொடி தாமதமாக வரும். உங்கள் காதுக்குப் பொருந்தும்படி அழுத்தினால் முன்வரிசைக்கு முந்திவிடும். கண்ணை நம்புங்கள்.

இசையைக் கூட்டினால் மைக் ஊளையிடுகிறது

மேடைக்கு மேலே தொங்கும் மைக்குகளும் ஓரத்தில் வைத்த மைக்குகளும் நடிகர் குரலோடு ஸ்பீக்கரில் வரும் உங்கள் இசையையும் பிடிக்கின்றன. பிடித்ததை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. அந்தச் சுற்று நிற்காமல் பெருகுவதுதான் ஊளை. ஊளை வராத அளவில்கூட இசை கலங்கி, தகரத்தில் பட்டதுபோல ஒலிக்கும்.

இசை மட்டும் வரும் இடங்களில் மைக்குகளின் ஃபேடரை இறக்கச் சொல்லிக் கியூ தாளில் எழுதுங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஊளை வருமுன் ஒலியைக் கூட்டக் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைகிறது. ஆறு மைக்குகளில் இரண்டை மட்டும் திறந்துவைத்த காட்சி தெளிவாகக் கேட்பது இதனால்தான். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்கட்டும். கையில் மைக் பிடிக்கும் நடிகர் அதன் வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் அது எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கத் தொடங்கிவிடும். மைக்கின் கழுத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பின்மேடையில் போதுமான சத்தம், அரங்கில் யாருக்கும் கேட்கவில்லை

அல்லது இதற்கு மாறாக, அரங்கில் காதைக் கிழிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிறீர்கள். தாழ்ந்த ஒலிகள் எல்லாத் திசையிலும் பரவும். உயர்ந்த ஒலிகள் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் மட்டும் பாயும். பின்மேடைக்கு வருவது மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பிய எச்சமும்தான். அதை வைத்து அளவை முடிவு செய்ய முடியாது. ஹெட்போனும் உதவாது, அது கோப்பைச் சொல்லும், அரங்கத்தைச் சொல்லாது.

அளவுகளை ஒத்திகையில் வைத்துவிட வேண்டும். நெறியாளர் நடு வரிசையில் உட்காரட்டும். ஒவ்வொரு கியூவையும் நடிகர்கள் வசனம் பேசும்போதே ஓட்டி, அவர் தலையசைத்ததும் ஃபேடரின் ஓரத்தில் வெள்ளை நாடா ஒட்டிக் கியூ எண்ணை எழுதுங்கள். அதைவிட நல்லது, எல்லாக் கோப்புகளையும் ஆடாசிட்டியில் சம உரப்புக்குக் கொண்டுவந்துவிட்டு, காட்சிக்கேற்ற ஏற்றத்தாழ்வைக் கோப்புக்குள்ளேயே செய்துவிடுவது. அப்போது நாடகத்தன்று ஃபேடர் ஒரே இடத்தில் நிற்கும், உங்கள் கண் மேடையிலேயே இருக்கும்.

ஒத்திகையில் ஃபேனைப் போடுங்கள். காலி மண்டபத்தில், ஃபேன் இல்லாமல், மெல்லிய புல்லாங்குழல் அற்புதமாகக் கேட்கும். நாடகத்தன்று இருபது ஃபேன்கள் சுழல்கின்றன, குழந்தைகள் அழுகின்றன, நிறைந்திருக்கும் உடம்புகள் உயர்ந்த ஒலிகளை உறிஞ்சிக்கொள்கின்றன. புல்லாங்குழல் போன இடம் தெரிவதில்லை. ஃபேனோடு ஒத்திகை பார்த்தபின், நிறைந்த அரங்குக்கென 3 டெசிபல் கூட்டிக்கொள்ள இடம் விட்டுவையுங்கள்.

சுவரில் பதித்த ஒல்லியான நீள ஸ்பீக்கர்கள் உள்ள மண்டபங்களிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய திறந்தவெளியிலும் ஆழ்ந்த ஒலிகள் வரவே வராது. இடி முழக்கத்தை நம்பி ஒரு காட்சியை அமைத்திருந்தால், அங்கே காகிதம் கசங்கும் ஓசைதான் கேட்கும். அந்த இடத்தில் பின்மேடையில் ஒரு பெரிய தகரத் தகட்டைக் கையால் உலுக்குங்கள். இது நாடகக்காரர்களின் பழைய இடி. இன்றும் எந்த ஸ்பீக்கரும் அதற்கு நிகரில்லை.

இசை வரும்போது வசனம் புரியவில்லை

அளவைக் குறைத்துப் பாருங்கள். பேச்சைவிட ஏறத்தாழ 10 டெசிபல் தாழ்ந்திருந்தால் பெரும்பாலான இசை வழிவிட்டுவிடும். குறைத்தும் புரியவில்லை என்றால் பிரச்சினை அளவில் இல்லை, தேர்வில் இருக்கிறது. தமிழ் வரிகள் உள்ள பாட்டின்மேல் தமிழ் வசனம் நிற்காது. கேட்பவர் மனம் இரண்டையும் புரிந்துகொள்ள முயன்று இரண்டையும் இழக்கும். வரிகள் இல்லாவிட்டாலும் நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல் ஆகியவை பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவுபெறும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் உரக்க ஒலிப்பவை. ஈக்வலைசரில் அந்தப் பகுதியை 4, 5 டெசிபல் தாழ்த்தினால் இசை பின்வாங்கி நிற்கும். வசனத்தின் அடியில் ஓட வேண்டியது தம்பூரா, வீணையின் மந்தர ஸ்தாயி, மெல்ல நீளும் செல்லோ போன்றவை. நாதஸ்வரத்தை வசனம் முடிந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துயரக் காட்சியில் விசில் அடிக்கிறார்கள்

இது கருவியின் கோளாறல்ல. ஆனால் மாணவர் நாடகங்களைக் கெடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். நீங்கள் புகழ்பெற்ற ஒரு திரைப்பாடலின் இசையைப் போட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு ஸ்வரம் கேட்டதும் அரங்கம் உங்கள் மேடையை விட்டு அந்தப் படத்துக்குப் போய்விட்டது. அந்த நடிகர் முகம், அந்த மழை, யாருடனோ பார்த்த நாள் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் நடிகை அழுவது அதற்கு முன் எடுபடாது. அவள் நடிப்பில் குறையில்லை, அவளுக்குப் போட்டியாக நீங்கள் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். வரியே இல்லாத பின்னணி இசையும் இப்படித்தான், அது பிரபலமாக இருந்தால்.

சோதிக்கும் வழி எளிது. நாடகத்தோடு தொடர்பில்லாத நான்கு நண்பர்களுக்கு முதல் பத்து நொடிகளைப் போட்டுக்காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே படத்தின் பெயரைச் சொன்னால் அந்தத் துண்டு வேண்டாம்.

படம் வராவிட்டாலும் சடங்கு வரும். நம் ஊரில் நாதஸ்வரமும் தவிலும் கல்யாணம், கோவில். பறையைப் பலர் சாவு வீட்டோடு சேர்த்தே கேட்கிறார்கள். பறையை எழுச்சியின் இசையாக மீட்டெடுத்து வாசிக்கும் குழுக்கள் பெருகியிருக்கும் இந்தக் காலத்தில், அந்தப் பழைய பொருளிலேயே அதை அடைத்துவைப்பதா என்பதை நெறியாளரும் நீங்களும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். முகாரி என்றால் சோகம், நீலாம்பரி என்றால் தாலாட்டு, பூபாளம் என்றால் விடியல் என்ற வழக்குகளும் உண்டு. இவை உதவி செய்யும், ஐந்து நொடியில் பொழுதையும் மனநிலையையும் சொல்லிவிடும். ஆனால் மேடையில் ஏற்கெனவே ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது முகாரியும் சேர்ந்து அழ வேண்டியதில்லை. அந்த இடத்தில் பக்கத்து வீட்டு வானொலியில் ஓடும் உற்சாகமான ஒரு மெட்டு, தாழ்ந்த ஒலியில், அவள் துயரத்தை இன்னும் ஆழமாக்கலாம்.

என் பரிந்துரை, முடிந்த அளவு நீங்களே பதிவு செய்யுங்கள் என்பதே. விடுதியில் யாரோ ஒருவருக்குப் பறை வரும், ஒருவருக்குக் கீபோர்டு வரும், ஒருவருடைய பாட்டிக்கு ஒப்பாரியும் தாலாட்டும் தெரியும். பாட்டியிடம் நாடகத்தைச் சொல்லி, அனுமதி கேட்டு, ஜன்னலை அடைத்து, மெத்தையும் போர்வையும் நிறைந்த அறையில், கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதியுங்கள். அந்தக் குரலை அதற்கு முன் யாரும் எந்தப் படத்திலும் கேட்டிருக்க மாட்டார்கள். அரங்கம் அசையாது. துண்டறிக்கையில் அவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.

காட்சி முடிந்தும் இசை ஓடுகிறது. அல்லது இசை முடிந்தும் காட்சி முடியவில்லை

நேரடியாக நடிப்பவர்கள் ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் நிதானமாகவும் பேசுவார்கள். அவர்களை இசையின் நீளத்துக்கு ஓடச் சொல்லக் கூடாது. இசையை மூன்றாக வெட்டுங்கள்: தொடக்கம், திரும்பத் திரும்ப ஓடும் நடுப்பகுதி, முடிவு. நடுப்பகுதியைத் தாளத்தின் ஒரு ஆவர்த்தம் நிறையும் இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது. எம்பி3யில் ஒவ்வொரு சுற்றுக்கும் சிறு விக்கல் வரும், வேவ் கோப்பாக வையுங்கள். நடிகர் கடைசி வசனத்தைத் தொட்டதும் முடிவுப் பகுதிக்குப் போகலாம்.

கியூ தாளில் நேரத்தை எழுதாதீர்கள். "12-ஆவது நிமிடம்" என்பது பயனற்ற குறிப்பு. எந்த வசனம், எந்த அசைவு என்று எழுதுங்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால் "தயார்" என்று எழுதுங்கள். கியூக்களை 10, 20, 30 என்று எண்ணுங்கள். கடைசி நாளில் நெறியாளர் நடுவே ஒன்றைச் சேர்த்தால் 15 என்று எழுதிவிடலாம், மற்றவை குலையாது. மேடை நிர்வாகி குரலில் சைகை தருவதாக இருந்தால் "கோ" என்ற சொல்லை அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பேச்சில் யாரும் அதைச் சொல்லக் கூடாது.

பாடும் நடிகருக்குச் சுருதி எட்டவில்லை

ஆண் பாடகர் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடிய பாட்டின் கரோக்கியை எடுத்து, ஐந்து கட்டையில் பாடிப் பழகிய மாணவியிடம் கொடுத்தால் அவள் திணறத்தான் செய்வாள். ஆடாசிட்டியில் சுருதியை மாற்றலாம், ஆனால் இரண்டு, மூன்று அரைஸ்வரங்களுக்கு மேல் நகர்த்தினால் வாத்தியங்கள் பொம்மைபோல் ஒலிக்கத் தொடங்கும். ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏழு அரைஸ்வரம். கரோக்கியைக் கைவிட்டு, அவளுக்குரிய கட்டையில் தம்பூரா சுருதியை மட்டும் ஓட்டுங்கள். தாளத்துக்கு ஒரு கஞ்சிராவோ கைத்தட்டலோ போதும். பாடும் நடிகர் பார்வையாளரைப் பார்த்து நிற்பதால் ஸ்பீக்கர் அவருக்கும் பின்னொலிதான் தருகிறது. சிறிய ஸ்பீக்கர் ஒன்றைப் பக்கத் தட்டியோரம் அவர் பக்கம் திருப்பிவைத்தால் சுருதி விலகாது.

மின்சாரம் போய்விட்டது

மடிக்கணினி ஓடிக்கொண்டே இருக்கும், மிக்சர் இறந்திருக்கும். முதலில் இசையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும்போது பாட்டின் நடுவிலிருந்து பீறிடும். அடுத்து ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் வந்தபின் கணினி, மிக்சர், கடைசியாக ஆம்ப்ளிஃபயர் என்ற வரிசையில் போட வேண்டும். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். வரிசை மாறினால் ஸ்பீக்கர் 'தும்' என்று அதிரும், சில சமயம் அதன் உயிரும் போகும். நடிகர்கள் மேடையில் இருந்தால் தொடரட்டும், கூத்து மின்சாரத்துக்கு முன்பிருந்தே நடக்கிறது. பின்மேடையில் இருப்பவர்கள் அனைவரும் அந்தப் பாட்டை வாயால் பாடத் தெரிந்துவைத்திருந்தால் பார்வையாளர்களுக்கு அது ஏற்பாடாகவே தோன்றும். ஒத்திகையில் ஒரு நாள் இதற்கென ஒதுக்குங்கள்.

காவலர் வந்து நிறுத்தச் சொல்கிறார். அல்லது பதிவேற்றிய காணொளியில் ஒலி முடக்கப்படுகிறது

திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. விழாவில் உங்கள் நாடகம் கடைசி நிகழ்ச்சி என்றால், பின்தள்ளிப்போனால் எந்தக் கியூக்களை விட்டுவிடலாம் என்று முன்பே குறித்துவையுங்கள்.

காணொளி முடக்கம் வேறு விஷயம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் நிறுவனப் பணிகளின் பகுதியாக நாடகத்தையும் இசையையும் நிகழ்த்துவதற்கும் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வதற்கும் விலக்கு தருகிறது. அதற்கு வரம்பு இருக்கிறது: பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தின் பணிகளோடு தொடர்புடையவர்கள் ஆகியோராக மட்டும் இருக்க வேண்டும். டிக்கெட் போட்டு ஊரை அழைத்தாலோ யூடியூபில் ஏற்றினாலோ அந்த விலக்கின் வரம்பை நீங்கள் தாண்டிவிடுகிறீர்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனை சில நொடிப் பாட்டையும் கண்டுபிடிக்கும். பொதுமக்கள் வரும் நாடகம் என்றால் உரிமையாளரிடமோ உரிமச் சங்கங்களிடமோ முன்னதாக அனுமதி பெறுங்கள். அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையை, வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கிறதா என்று படித்துப் பார்த்து எடுங்கள். கியூ தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இசை எங்கிருந்து வந்தது, யார் வாசித்தது, எந்த உரிமம் என்று ஒரு நிரல் போட்டுவைத்தால், அடுத்த ஆண்டு அதே நாடகத்தை எடுப்பவர்கள் உங்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.